வீசம் ஏக்கர்

பாரோயில் வீடுகள் முடிகிற இடத்துக்கும் மேடு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. கோபுரங்களை நட்டு, அடியில் நின்ற மரங்களை வெட்டி எடுத்து, அகலமாகத் திறந்துவிட்ட நிலம். அங்கே வீடு கட்ட முடியாது. கம்பியை எட்டும் உயரத்துக்கு எந்த மரத்தையும் தெனாகா மின் நிறுவனம் விடாது. மிச்சம் இருக்கிற உயரம் காய்கறிக்குப் போதும் என்று யாரோ கண்டுகொண்டு பல காலம் ஆகிவிட்டது. கங்குங், சாவி, வெண்டை, பயிற்றங்காய், மிளகாய் என்று துண்டு துண்டாகப் பச்சை. துண்டுக்கு ஒரு வேலி; வேலிக்கு ஒரு பொருள். பழைய கட்டில் சட்டம், துத்தநாகத் தகடு, மீன்வலை, போன தேர்தலின் கொடிக்கம்பம்.

மேற்கே சிரம்பான். கிழக்கே கோலப்பிலா சாலை ஏறிப்போகும் புக்கிட் பூத்துஸ் மலை. அந்தப் பக்கம்தான் 825 மீட்டர் உயர அங்சி மலையும். கூரைகளுக்கு மேலே துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கத்தின் விளக்குகள் தெரிகின்றன. அக்டோபர் மாதம். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும் பருவம். நேற்றும் கொட்டியது. இன்று சனிக்கிழமை, காலை ஏழரை. சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கால்வாய்க்கு அப்பால் இந்த நிலம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். எழுபதைத் தாண்டிய உடம்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின்மேல் உரக் கம்பெனி கொடுத்த தொப்பி. பின்னிருக்கையில் டீசல் தோங் கட்டியிருக்கிறது. கைப்பிடியில் தொங்கும் பையில் ஒரு ஸ்பானர், ரம்பத் துண்டு, கிழிந்த பனியன். யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. நேரே தன் துண்டுக்குள் போய்க் குனிந்து ஒரு பிடி மண் எடுக்கிறார்.

இறுக்கிப் பிடிக்கிறார், விரிக்கிறார். உள்ளங்கையில் உருண்டை நிற்கிறது. கட்டைவிரலால் லேசாகத் தட்டுகிறார், உதிர்கிறது. புட்டுக்கு மாவு விரவுகிறவர்கள் பார்க்கிற அதே பதம். உருண்டை உதிராமல் நசுங்கியிருந்தால் இன்று வேலை இல்லை. ஈர மண்ணைச் சுழல் அலகு கிளறாது, அரைக்கும். அரைபட்ட செம்மண் இரண்டு வெயிலில் இறுகி, வேர் இறங்க இடம் தராது. வேறு மூன்று இடங்களிலும் எடுத்துப் பார்க்கிறார். கால்வாய் ஓரத்து மூலையில் மட்டும் மண் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த மூலையில் ஒரு குச்சியை நடுகிறார். அங்கே இன்று உழவு கிடையாது.

அப்புறம் எல்லை. நீளவாக்கில் 27 எட்டு, அகலவாக்கில் 16. எட்டு வைக்கும்போது உதடு அசைகிறது. முடித்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை. எண்ணிக்கை அவருக்குத் தெரிந்ததுதான். வேலி இரவோடு இரவாக நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். எட்டுக்கு இரண்டரை அடி என்று வைத்தால் 2,700 சதுர அடி. ஓர் ஏக்கரைப் பதினாறாகப் பிரித்தாலும் ஏறக்குறைய அதுதான் வரும். வீசம் ஏக்கர்.

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய அளவு. ஆங்கிலேயர் காலத்து மலாயாத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு தோட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் வைத்துக்கொள்ள வீசம் ஏக்கர் நிலத்தை முதலாளி ஒதுக்க வேண்டும் என்றது. துரைமார்களுக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை. கீரையும் கத்திரியும் கொல்லையிலிருந்து வந்துவிட்டால் கூலியை ஏற்றச் சொல்லும் குரல் கொஞ்சம் தணியும். லயத்துக்குப் பின்னால், ஆற்றோரத்தில், பால்மரம் நட லாயக்கில்லாத பள்ளத்தில் அந்தத் துண்டுகள் கிடந்தன. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், அரிசி வரத்து அற்றுப்போனபோது அந்த மண்ணில் விளைந்த மரவள்ளிதான் பல குடும்பங்களைக் கரை சேர்த்தது. பத்திரம் கிடையாது. வேலை இருக்கும் வரை துண்டு. வேலை போனால் வீடும் போகும், கொல்லையும் போகும், நட்ட கருவேப்பிலையும் அங்கேயே நிற்கும்.

பெரியவர் இவற்றையெல்லாம் நினைக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அவர் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

நாலு கம்பும் மூன்று தகடுமாக ஒரு கொட்டகை. தார்ப்பாயை விலக்குகிறார். உள்ளே குபோத்தா நிற்கிறது. இரண்டு சக்கரம், நீண்ட இரண்டு கைப்பிடி, முன்னால் படுக்கை வாக்கில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் தகட்டு மூடிக்குள் சுழல் அலகுகள். ஏறி உட்கார இருக்கை இல்லை; பின்னால் நடந்தே ஓட்ட வேண்டும். கம்பெனி பூசிய ஆரஞ்சு வண்ணம் எஞ்சின் மேல் ஓர் உள்ளங்கை அளவுக்கு மிச்சம். மற்றதெல்லாம் துருவும் எண்ணெயும் ஊறிய பழுப்பு. டீசல் தொட்டியின் மூடி முன்பு மைலோ டப்பாவாக இருந்தது. புகைக்குழாய் ஏதோ லாரியைச் சேர்ந்தது. கைப்பிடியின் ரப்பர் உறை போன இடத்தில் சைக்கிள் ட்யூபை வாராக அறுத்துச் சுற்றியிருக்கிறார். பெல்ட் மட்டும் புதிது.

அடுத்த துண்டில் மிளகாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரர், உடன் வந்திருக்கும் மருமகனிடம் சொல்கிறார்: "கோலப்பிலா பக்கம் வயல்ல ஓடுன வண்டி இது. வயல விட்டுட்டாங்க, வண்டி கோழிக் கூண்டுக்குள்ள கெடந்துச்சு. மாமா போயி லாரி வெச்சு ஏத்திக்கிட்டு வந்தாரு. ஒரு மாசம் பிரிச்சுப் போட்டு மாட்டுனாரு."

வயலை விட்டுவிட்டார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1966இல் தொடங்கி 1970இல் முடிந்த மூடா நீர்ப்பாசனத் திட்டம் கெடாவில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல்லைக் கொண்டுவந்தது. ஒரு போகத்தை அறுத்துச் சில வாரங்களுக்குள் அடுத்த போகத்துக்குச் சேறு கலக்க வேண்டும். எருமையால் அந்த வேகத்துக்கு நடக்க முடியவில்லை. ஜப்பானின் கையுழவு இயந்திரங்கள் நாடு முழுவதும் வயலில் இறங்கிய காலம் அது. 1890இல் ஒசாக்காவில் வார்ப்பட வேலைக்காகத் தொடங்கிய குபோத்தாவின் பெயர், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அதற்கே உரிய பெயராக ஒட்டிக்கொண்டது. நெகிரி செம்பிலானின் நெல் வயல்களோ மலை இடுக்குகளில் ஓடைக்கு இருபுறமும் ஒடுங்கிக் கிடப்பவை. கெடாவின் சமவெளியோடு அவை போட்டி போட முடியவில்லை. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். வயல்களில் புல் ஏறியது. வண்டிகள் கொட்டகைக்குள் போயின. மலாய்க்காரரின் பள்ளத்தாக்கில் ஓய்ந்த ஒன்று மலை இறங்கி, தமிழரின் காய்கறிக் கொல்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எஞ்சினை எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர். இந்த எஞ்சினில் சூட்டைத் தணிக்கக் காற்றாடி இல்லை. தலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். தொட்டியின் நடுவே மிதவைக் குச்சி, நுனியில் சிவப்புக் குமிழ். தண்ணீர் குறைந்தால் குமிழ் இறங்கும். குமிழ் நிமிர்ந்து நிற்கும் வரை கால்வாய்த் தண்ணீரைப் பனியன் துணியில் வடிகட்டி ஊற்றுகிறார். பிறகு டீசல் குழாயைத் திறக்கிறார். பிறகு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகுதான் சுழற்றுக் கம்பி.

இடது கை சிறு நெம்பு ஒன்றைப் பிடித்திருக்கிறது. அது வால்வைத் திறந்து வைத்து உள்ளே அழுத்தம் சேராமல் பார்த்துக்கொள்ளும். வலது கை கம்பியைச் சுழற்றுகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்திருக்கிறார். கம்பியைச் சுற்றிப் பிடிக்கவில்லை. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் சுற்றிப் பிடித்த விரல்தான் முதலில் முறியும். மெல்ல ஒரு சுற்று, வேகமாக மூன்று சுற்று, நெம்பை விடுகிறார். 'டக்' என்று ஒன்று. ஒன்றும் இல்லை. மறுபடியும் சுழற்றுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. 'டக்... டக்.' கரும்புகை ஒரு வளையம் விட்டுவிட்டு அடங்குகிறது. மிளகாய்த் துண்டுக்காரர் முட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். உதவிக்குப் போகவில்லை. போகக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது. பெரியவர் உள்ளங்கைகளைப் பனியனில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை சுழற்றுகிறார். டக், டக், டக் டக் டக்டக்டக் என்று பிடித்துக்கொள்கிறது. கம்பி தானாகக் கழன்று கையோடு வருகிறது. கொட்டகைத் தகடு அதிர்கிறது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் எழும்பி அடுத்த கோபுரத்துக்குப் போகின்றன.

முதல் சால் வேலியை ஒட்டி. கியரை மாற்றி, பெல்ட்டை இறுக்கும் நெம்பை மெல்ல முன்தள்ளுகிறார். வண்டி ஊர்கிறது, அலகுகள் சுழன்று மண்ணைத் தொடுகின்றன, கைப்பிடி அவர் கையைத் தூக்கிப் பார்க்கிறது. நேற்றைய மழை மேல்தோலைத்தான் நனைத்திருக்கிறது, அடியில் கெட்டி. கெட்டி மண்ணில் அலகு கடிக்காமல் சக்கரமாகிவிடும். சக்கரமும் அலகும் ஒரே திசையில் சுழல்வதால் வண்டி முன்னால் பாயப் பார்க்கும். பெரியவர் குதிகாலை ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, பிடித்து நிறுத்தி, கடிக்க விடுகிறார். பத்தடி போனதும் நிறுத்துகிறார். அலகை விட்டுத் தள்ளிப் பின்னால் போய்க் குனிந்து, கிளறிய மண்ணில் விரலை விடுகிறார். நடுவிரலின் இரண்டாம் கணுவரை போகிறது. தலையாட்டுகிறார், தனக்குள். ஆழத்தைக் கட்டுப்படுத்தும் பின்சக்கரத்தின் திருகை அரைச் சுற்று சுற்றுகிறார். முதல் உழவில் இவ்வளவு, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். ஒரே மூச்சில் ஆழம் போனால் அடிமண் மேலே வரும். மேல்மண் கீழே போகும். லாட்டரைட் செம்மண்ணில் உயிர் இருப்பது மேலே உள்ள சில அங்குலத்தில்தான்.

இந்த விரல்கள் ஆழம் பார்க்கப் பழகிய விரல்கள். பால் வெட்டுகிறவரின் உளி மரப்பட்டையில் போக வேண்டிய ஆழம் இவ்வளவு என்று உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்பே நிற்க வேண்டும். குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் திட்டு. விடிவதற்கு முன் பிரட்டு முடிந்து, ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை நெற்றி விளக்கின் வட்டத்தில் வெட்டி முடிக்கும் வேலை. அந்தக் கணக்கு கையில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. மிளகாய்த் துண்டுக்காரர் இதையும் மருமகனிடம் சொல்கிறார்: "மாமாவுக்கு பால்வெட்டுல பேரு. ஒரு மரம் காயப்படாது."

சால் முடிந்து திருப்பம். கைப்பிடிகளுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு நெம்பு. இடது நெம்பை அழுத்தினால் இடது சக்கரத்துக்குச் சக்தி அறுந்து, வண்டி இடப்பக்கம் சுற்றும். சமதளத்தில் அப்படி. இறக்கத்தில் கதை தலைகீழ். வண்டியின் பாரமே சக்கரத்தை உருட்டுகிற இடத்தில், விடுபட்ட சக்கரம்தான் வேகமாக ஓடும். இடதை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் போய் வேலியில் ஏறும். இந்தத் துண்டின் கீழ்க்கோடி கால்வாயை நோக்கிச் சரிகிறது. அங்கே வரும்போது பெரியவரின் கைகள் நெம்பைத் தொடுவதே இல்லை. கைப்பிடியைத் தூக்கி, இடுப்பால் முட்டி, முந்நூறு கிலோ இரும்பை உடம்பாலேயே திருப்பிவிடுகிறார். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் கால்வாயில் இறங்குவது இந்த இடத்தில்தான்.

சால்கள் கூடுகின்றன. ஒரு சாலுக்கு இரண்டடி அகலம். பக்கத்துச் சாலின்மேல் ஒரு சாண் ஏறி வருகிறார். விட்டுப்போன வரப்பு எதுவும் இல்லை. மண் மணம் கால்வாய் தாண்டிக் கடைக்கு வருகிறது, டீசல் வாடையும் சேர்ந்தே. கொக்குகள் இரண்டு எங்கிருந்தோ வந்து வண்டிக்குப் பத்தடி பின்னால் நடக்கின்றன. மண்புழு புரளும் இடத்தில் குத்துகின்றன. வண்டி நின்றால் அவையும் நிற்கின்றன.

கலப்பை மண்ணைப் புரட்டும். இந்த அலகுகள் மண்ணைச் சீவி எறிகின்றன. இப்படிச் சுழற்றி உழும் யோசனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற ஆஸ்திரேலிய விவசாயியின் மகன். 1912இல் நியூ சவுத் வேல்ஸின் கில்காண்ட்ரா பண்ணையில் அப்பாவின் நீராவி இழுவை எஞ்சினை வைத்துப் பரிசோதனை செய்தார். ஆரம்பத்தில் மண் பக்கவாட்டில் சிதறியது. அலகின் நுனியை எல் எழுத்தாக மடக்கிய பிறகு மண் இருந்த இடத்திலேயே பொடிந்து விழுந்தது. 1920இல் காப்புரிமை வாங்கினார். நூறு ஆண்டு கடந்த அந்த வளைவு பாரோயில் ஒரு பட்டறைக்காரரின் வெல்டிங்கோடு சுழன்றுகொண்டிருக்கிறது. அலகுகளில் நான்கு பழையவை. மற்றவை லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து வளைத்துச் செய்தவை என்பது பட்டையின் தடிப்பிலேயே தெரிகிறது.

ஒன்பதாம் சாலில் சத்தம் மாறுகிறது. டக்டக்கின் நடுவே ஒரு கிரீச். பெரியவர் பெல்ட்டை விட்டுவிடுகிறார், அலகு நிற்கிறது. அதோடு விடவில்லை, எஞ்சினையும் அணைக்கிறார். ஓடுகிற எஞ்சினோடு அலகுக்கு அருகே கை கொண்டுபோகும் ஆள் இவர் இல்லை. கைப்பிடியைத் தரையில் சாய்த்து, மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். அலகுத் தண்டைச் சுற்றி வேலிக்கம்பி. யாரோ எப்போதோ புதைத்த வேலி. ரம்பத் துண்டால் அறுக்கிறார், இழுக்கிறார், மறுபடி அறுக்கிறார். கால் மணி நேரம் போகிறது. வந்த கம்பியைச் சுருட்டி வேலியோரம் வைக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல்: செங்கல், ஓடு, செருப்பின் அடி, பீங்கான் துண்டுகள். பீங்கானில் சிலது வளைந்திருக்கிறது. பால் மங்கின் உடைசல். பெரிய கோபுரங்களுக்கு முன்னால் இங்கே எது நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அவர் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. அலகுக்கு ஆகாதது குவியலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஒலிபெருக்கி ஒன்று தாமானுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இப்போது கால்வாய்ச் சாலைக்கு வருகிறது. பழைய செய்தித்தாள், பழைய இரும்பு, பழுதான குளிர்பெட்டி எல்லாம் எடுத்துக்கொள்வதாக மலாயில் பாடிக்கொண்டே வரும் லாரி. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். அவருடைய கண் குபோத்தாவின் மேல் விழுகிறது. எடை போடுகிற கண். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்துக் கேட்கிறார்:

"அங்கிள், ஜுவால்?" விற்பனைக்கா என்கிறார்.

பெரியவர் நிமிராமல் போல்ட்டை முறுக்குகிறார். "பெலும் மாத்தி." இன்னும் சாகவில்லை.

ஓட்டுநர் சிரிக்கிறார். வண்டியைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று கேட்க அவருக்கு நேரம் இல்லை. பாட்டு மறுபடி தொடங்கி, லாரி மூலை திரும்புகிறது.

அமெரிக்காவில் இவ்வளவு வயதான தோட்ட டிராக்டர்களுக்கு ரசிகர் கூட்டமே உண்டு. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வெளியிட்ட கப் கேடட், அதற்கும் முந்திய வீல் ஹார்ஸ் போன்றவற்றைப் பிரித்து, தேய்த்து, பழைய வண்ணத்தையே பூசி, கூடிச்சேர்ந்து ஒரு வயலில் உழுது மகிழ்கிறார்கள். அந்த வண்டிகளுக்கு வயது ஒரு பெருமை. இந்த வண்டியின் வயதைப் பற்றி இங்கே யாரும் பேசக் காணோம். பெல்ட் எந்தக் கடையில் மலிவு என்று பேசுகிறார்கள். ஓடுகிற வரை அது பழைய பொருள் ஆவதில்லை.

பத்து மணிக்கு அவருடைய மனைவி வருகிறார், ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் கேரியர். கைலியும் தளர்ந்த சட்டையும். கால்வாய்ப் பலகையைத் தாண்டும்போதே சத்தம் போடுகிறார். எஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்தவில்லை. சிவப்புக் குமிழைச் சுட்டிக் காட்டுகிறார். குமிழ் பாதி இறங்கிவிட்டது. தொட்டியிலிருந்து ஆவி புகைகிறது. பெரியவர் எஞ்சினை அணைக்கிறார். திடீரென்று மனைவியின் குரல் முழுசாக வெளியே வருகிறது.

"...சொல்லிக்கிட்டே வர்றேன். எஞ்சின் வெந்து போனா யாரு செய்வா? தண்ணி ஊத்துனீங்களா, நீங்களாவது குடிச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கேரியரைத் திறக்கிறார். தோசை, நெத்திலி சம்பல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர் சாப்பிடும்போது மனைவி கிளறிய நிலத்தைக் கண்ணால் அளக்கிறார். எது எங்கே என்பது மனைவியின் இலாகா.

"மேல ரெண்டு பாத்தி கங்குங். இருபத்தஞ்சு நாள்ல அறுத்துரலாம். நடுவுல வெண்டி. வேலியோரம் பயித்தங்கா. மரவள்ளிய இந்த வருசம் வைக்க வேணாம்."

"ஏன்?"

"பத்து மாசம் ஆவும். டிசம்பர்ல என்னா சொல்றானோ."

டிசம்பர் என்பதற்கு இந்த வேலிகளுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அரசு நிலத்தில் பயிரிட நில அலுவலகம் தருவது தற்காலிக உரிமம். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி அது எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதில் நிலைத்து நிற்கும் உரிமை ஏதும் பிறக்காது. காகிதம் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் ஒரே கணக்கில்தான் விதைக்கிறார்கள்: கங்குங் ஒரு மாதத்துக்குள், வெண்டை ஐம்பது நாளில், பயிற்றங்காய் அதே அளவில். மண்ணில் அதிக நாள் தூங்குகிற பயிருக்குத் துணிச்சல் வேண்டும்.

தோட்டத்து மக்களுக்குச் சொந்த மண் என்ற ஆசை வராமல் இல்லை. 1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டுக் கைமாற்ற, வேலையோடு கூரையும் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கொடுத்துப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. பங்குச் சீட்டுகள் பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. அவற்றில் தோட்டத்தின் பங்கு இருந்தது. இது உன் துண்டு என்று காட்ட எட்டு வைத்து அளக்கிற மண் இருக்கவில்லை. பிறகு நகரங்கள் வளர்ந்து வந்து தோட்டங்களைத் தொட்டன. சிரம்பானைச் சுற்றிப் பால்மரம் நின்ற இடங்களில் தாமான்களும் சாலைகளும் வந்தன. லயத்துக் கொல்லையை விட்டு வந்தவர்களுக்குத் தாமான் வீட்டின் பின்புறம் கிடைத்தது ஆறடி சிமெண்டுத் தரை. துணி காயப் போடலாம். அங்கிருந்து கண்ணை நிமிர்த்தினால் தெரிந்தது இந்தக் கம்பிப் பாதை.

சாப்பாடு முடிகிறது. தொட்டிக்குத் தண்ணீர், குமிழ் நிமிர்கிறது. இந்த முறை எஞ்சின் சூட்டோடு முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் உழவு குறுக்கே. முதல் உழவின் கட்டிகள் இப்போது உடைகின்றன. மண் நிறம் மாறி அடர்ந்த சிவப்பாகிறது. மனைவி, அந்த அம்மா, முன்னால் நடந்து, லாலான் புல்லின் வெள்ளை வேர்க் கிழங்குகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார். அலகு அதை வெட்டினால் ஒன்று பத்தாகும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். இயந்திரத்துக்கு முன்னால் கை போயாக வேண்டிய இடம் இது. பெரியவர் அவருடைய குனிவுக்கு ஏற்ற வேகத்தில் வருகிறார். இருவருக்கும் நடுவே இரண்டு மீட்டர். அம்மா நின்றால் வண்டி நிற்கிறது. ஒரு சொல் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சத்தத்தை வைத்தே தூரம் தெரியும் போலும்.

கீழ்த் துண்டிலிருந்து மலாய்ப் பெண் ஒருவர் வந்து வேலியருகே நிற்கிறார். கையில் பாண்டான் இலைக் கட்டு. அவருடைய துண்டையும் உழுது தர வேண்டும். கூலி பற்றிப் பேச்சில்லை. கட்டை வேலியில் செருகிவிட்டு, மழைக்கு முன்னால் முடியுமா என்று மட்டும் மலையைக் காட்டிக் கேட்கிறார். பெரியவர் மலையைப் பார்க்கிறார். புக்கிட் பூத்துஸின் தலையில் வெள்ளை மேகம் அடிப்பக்கம் கருக்கத் தொடங்கியிருக்கிறது. "போலே" என்கிறார், முடியும்.

அவர் வண்டியைக் கீழ்த் துண்டுக்கு நடத்திப் போன பிறகு அம்மா தனியாக வேலை செய்கிறார். கயிறு கட்டிப் பாத்தி பிடிக்கிறார். இந்த மழைக்குப் பள்ளப் பாத்தி உதவாது. மண்ணை இழுத்து ஒரு சாண் மேடாக்கி, நடுவில் வாய்க்கால் விடுகிறார். சுண்ணாம்பைத் தூவுகிறார், செம்மண்ணின் புளிப்புக்கு. கோழி எருவைப் பரப்புகிறார். எல்லாம் முடிந்து, டிபன் பையின் அடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒன்றை எடுக்கிறார். கை நீளத்துக்கு ஒரு முருங்கைக் கொம்பு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேலியின் உள்மூலையில், காலையில் பெரியவர் குச்சி நட்டு விலக்கி வைத்த ஈர மண்ணில் குழி தோண்டுகிறார்.

கீழ்த் துண்டிலிருந்து திரும்பும் பெரியவர் பார்த்துவிடுகிறார். எஞ்சினை அணைத்துவிட்டு, மேலே போகும் கம்பியைக் காட்டுகிறார்.

"வளந்தா தெனாகாக்காரன் வந்து வெட்டுவான்."

"வெட்டட்டும்." அம்மா குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்குகிறார். "வெட்டுனாத்தானே கீரை நல்லாத் தழையும். நமக்கு ஆள் கூலி மிச்சம்."